ஓடாத மிஷினுக்கு எண்ணெய்

மரக்காணத்தில் கம்பெனி என்று சொன்னால் அது ஒன்றைத்தான் குறிக்கும். திண்டிவனம் ரோட்டில், உப்பளம் ஆரம்பிக்கிற இடத்தில், தகரக் கூரை போட்ட உப்பு அரவை ஆலை. 1974 அக்டோபரில் அதை மூடினார்கள். நூற்று நாற்பது பேருக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் மூன்று மாதம் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்கியவன் ஊரிலேயே ஒருவன்தான். பெயர் பாஸ்கல். அங்கே ஃபிட்டராக இருந்தவன்.

பாஸ்கலின் அப்பா உப்பளக் கூலி. தை மாதம் பாத்தி கட்டுவதில் தொடங்கி, வெயில் இருக்கும்வரை உப்பு வாரலாம். மழை பிடித்துவிட்டால் மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். அந்த மூன்று மாதங்களைப் பார்த்து வளர்ந்த பயத்தில், பதினாறு வயதில் பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்து தொழில் கற்றுக்கொண்டான். 1961-ல் ஊரில் கம்பெனி வருகிறது என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தான். மெட்ராஸிலிருந்து மிஷின் வந்து இறங்கியபோது அதன் மரப்பெட்டியை உடைத்தவர்களில் அவனும் ஒருவன். இரண்டு பெரிய உருளைகள், கீழே சல்லடை, மேலே உப்பை ஏற்றிக்கொடுக்கும் பெல்ட். கல் உப்பாக உள்ளே போவது சர்க்கரை மாதிரி வெளியே வரும். மெட்ராஸ் எஞ்சினியர் மிஷினை மாட்டி முடிப்பதற்குள் எந்த போல்ட்டு எந்தத் துளைக்குப் போகும் என்பது பாஸ்கலுக்குப் பாடமாகிவிட்டது.

கம்பெனி வேலையை ஊரே மேலாக நினைத்ததற்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல. உப்பை மலை மாதிரி குவித்து, பனை ஓலை வேய்ந்து வைத்திருப்பார்கள். மழைக்காலத்திலும் அரவை நடக்கும். கார்த்திகை மாதத்திலும் கூலி வரும் என்பது உப்பளத்து ஆட்களுக்கு நம்ப முடியாத சங்கதி. பாஸ்கலின் மனைவி ஆரோக்கியம் கல்யாணத்துக்கு முன்பு பாத்தியில் கூடை சுமந்தவள். பிறகு கம்பெனியில் மூட்டை தைக்கச் சேர்ந்தாள். மூட்டைகளை எடை போட்டவர் ஷாகுல் ஹமீது. பாஸ்கலைவிட நாலைந்து வயது பெரியவர். பன்னிரண்டு வருஷமாக மூன்று பேரும் ஒரே புங்கமரத்தடியில் மதியச் சோறு தின்றவர்கள். பாய் வீட்டுக் கறிக் குழம்பும் ஆரோக்கியம் வைத்த கருவாட்டுக் குழம்பும் தினமும் கை மாறும்.

மூடியதற்குக் காரணம் கரண்டு என்றார்கள். அது பொய்யில்லை. அந்த வருஷங்களில் ஒரு நாளைக்குப் பாதி நேரம் கரண்டு இருக்காது. ஆனால் கம்பெனியை ஆரம்பித்த பெரிய முதலாளி செத்துப்போனதும், மெட்ராஸில் இருந்த அவருடைய பிள்ளைகள் வேறு வியாபாரத்தில் இறங்கியதும் அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தவை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மறு அறிவிப்பு வரும்வரை ஆலை மூடப்படுகிறது. மேனேஜர் சிவஞானம் குடை பிடித்துக்கொண்டு கேட்டுக்கு உள்பக்கம் நின்றார்.

"தற்காலிகம்தான். கரண்டு சரியானதும் திறந்துடுவோம்."

"எப்போ சார் சரியாவும்?" என்று ஷாகுல் ஹமீது கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா பாய்? எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மழையில நிக்காதீங்க."

கூட்டம் கலைந்த பிறகு அவர் பாஸ்கலை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"உப்புக் காத்து. ரெண்டு மாசம் சும்மா விட்டா மிஷின் துருவேறி உருப்படாமப் போயிடும். வாரத்துக்கு ஒருநாள் எண்ணெய் போட்டு, கையால சுத்தி விடு. மத்த நாள் கேட்டைப் பாத்துக்க. உனக்குச் சம்பளம் வந்துரும்."

"மத்தவங்களுக்கு சார்?"

"திறந்ததும் எல்லாரும் வரப் போறாங்க. அதுக்குத்தானப்பா மிஷினைக் காப்பாத்தச் சொல்றேன்."

பாஸ்கல் அதை நம்பினான். அன்று மட்டுமல்ல, ரொம்ப நாள் நம்பினான். ஓடப் போகாத மிஷினுக்கு யாராவது ஆள் போட்டு எண்ணெய் விடச் சொல்வார்களா?

வீட்டில் ஆரோக்கியம், "அப்போ நான்?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டாள். தை பிறந்ததும் அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய சும்மாட்டுத் துணியைத் தேடி எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள். பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து தைத்த உடம்பு. முதல் வாரம் முழுக்கக் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தாள். உப்புத் தண்ணீரில் பாதம் வெடித்துப் பிளந்தது. பாஸ்கல் கம்பெனி கிரீஸைக் கொஞ்சம் எடுத்துவந்து தடவிவிட்டான்.

திங்கட்கிழமைதான் எண்ணெய் போடும் நாள். எட்டு மணிக்குக் கேட்டைத் திறந்து உள்ளே போவான். பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைத்து, பெரிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவான். உருளைகள் மெதுவாகச் சுற்றும்போது அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம் எழும். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அவன் வெளியே வரும்போது நாலைந்து பேராவது கேட்டருகில் இருப்பார்கள்.

"எப்படிப்பா இருக்குது மிஷின்?"

ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரை விசாரிப்பதுபோல் கேட்பார்கள்.

"நல்லாத்தான் இருக்குது."

"எப்போ திறப்பாங்களாம்?"

முதல் சில மாதங்கள் தெரியாது என்றுதான் சொன்னான். தெரியாது என்றதும் அந்த முகங்கள் போகிற போக்கைப் பார்க்க அவனால் முடியவில்லை. திறப்பாங்க என்று சொல்ல ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது நிச்சயமாகிவிட்டது. அவனுக்கு மட்டும் சம்பளம் வருகிறது என்று யாரும் பொறாமைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் நாலு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டு பிரியமாகப் பேசுவார்கள். அந்தப் பிரியம்தான் அவனைத் தின்றது.

1976 பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம் ஷாகுல் ஹமீது கேட்டுக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். அவருடைய மச்சான் துபாயிலிருந்து எழுதியது. துறைமுகத்தில் ஆள் எடுக்கிறார்கள், ஒரு மாதத்துக்குள் பம்பாய்க்கு வந்துவிட்டால் கப்பலில் ஏற்றிவிடலாம் என்று இருந்தது.

"போறதுன்னா கரீமாவோட நகை மொத்தமும் போயிடும்," என்றார். கரீமா அவர் மனைவி. "போனா மூணு வருஷம் திரும்ப முடியாது. அதுக்குள்ள இங்க திறந்துட்டா என் தராசுல வேற எவனாச்சும் உக்காந்துடுவான். ஏம்பா பாஸ்கலு, நீ உள்ள போறவன். சொல்லு. திறக்குமா திறக்காதா?"

பாஸ்கல் அந்தக் கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் சொல்லியிருந்தான். அதே பதில்தான் வாயில் வந்தது.

"திறக்கும் பாய். இல்லாட்டி எனக்கு எதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

ஷாகுல் ஹமீது கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதுவும் சரிதான். நீ சொன்னா சரியா இருக்கும்."

அன்று ராத்திரி பாஸ்கல் இதைச் சொன்னபோது ஆரோக்கியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"உனக்குத் தெரியுமாய்யா திறப்பாங்கன்னு?"

"தெரியாது."

"அப்புறம் ஏன்யா சொன்ன?"

மறுநாள் போய் பாயிடம் யோசித்து முடிவு பண்ணுங்கள் என்று சொல்லலாம் என நினைத்தான். போனான். வாசலில் கரீமா உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் துபாய் போகவில்லை என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். பாஸ்கல் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் சிவஞானத்திடமிருந்து கார்டு வந்தது. வியாழக்கிழமை முக்கியமானவர்கள் வருகிறார்கள், டீசல் எஞ்சினைத் தயார் செய்து மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். பாஸ்கல் கார்டோடு நேரே பாய் வீட்டுக்கு ஓடினான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் காரில் சிவஞானமும் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரும் வந்து இறங்கினார்கள். பாஸ்கல் எஞ்சினை முடுக்கினான். பெல்ட் இழுத்தது. உருளைகள் சுற்றின. இரண்டு வருஷத்துக்குப் பிறகு தகரக் கூரை அதிர்ந்தது. மிச்சமிருந்த நாலு கூடை உப்பைக் கொட்டினான். வெள்ளையாக, சன்னமாக அது சல்லடையிலிருந்து இறங்கியபோது அவனுக்குக் கண் கலங்கியது.

சத்தம் கேட்டு உப்பளத்திலிருந்து ஆட்கள் வரப்பு மேலேயே ஓடிவந்தார்கள். கூடையை வழியில் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆரோக்கியம் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றாள். அரை மணி நேரத்தில் கேட்டுக்கு வெளியே எண்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். சில பேர் கையில் சோற்றுத் தூக்கு இருந்தது. இன்றைக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

உள்ளே வெள்ளை வேட்டிக்காரர் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு பேரிங்கின் மேல் விரலை வைத்துத் தடவி, எண்ணெயைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷத்து மிஷினா இது? புதுசு மாதிரில்லா வச்சிருக்கீரு!"

பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இல்லை.

"நம்ம ஆளு வாரம் தவறாம எண்ணெய் போடறான்," என்றார் சிவஞானம்.

வெள்ளை வேட்டிக்காரர் பாஸ்கலின் தோளில் தட்டிக்கொடுத்தார். "நல்லது. இதைக் கழட்டி லாரியில ஏத்தணும்னா எத்தனை நாள் ஆகும்?"

பாஸ்கலுக்கு முதலில் புரியவில்லை. சிவஞானத்தைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை நாள் ஆகும் பாஸ்கல்? கேக்கறாரு பாரு."

"ஒம்போது, பத்து நாள் ஆவும் சார்," என்றான். தொழில் தெரிந்தவனின் வாய். கேட்டதற்குச் சரியான கணக்கைச் சொல்லிவிட்டது.

அவர்கள் வெளியே வந்தபோது ஷாகுல் ஹமீது முன்னால் வந்து வெள்ளை வேட்டிக்காரரின் கழுத்தில் மாலை போட்டார். திண்டிவனத்திலிருந்து வரவழைத்த ரோஜா மாலை. புது முதலாளி என்று நினைத்துவிட்டார்கள். கூட்டம் கை தட்டியது. அந்த மனிதர் திகைத்துப்போய், பிறகு சிரித்துக் கும்பிட்டார்.

"எப்போ சார் திறக்கறீங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் சிவஞானத்தைப் பார்த்தார். "ஆவட்டும், ஆவட்டும். எல்லாம் நல்லபடியா நடக்கும்," என்று சொல்லிக்கொண்டே சிவஞானம் அவரைக் காருக்குள் ஏற்றினார். கார் போனபிறகும் கூட்டம் கலையவில்லை. பாஸ்கலைக் கட்டிப்பிடித்தார்கள். அவன் மரம் மாதிரி நின்றான்.

ஆரோக்கியத்திடம் அன்றே சொன்னான். சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சொல்லிடுய்யா. அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

அதற்கும் நாலு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை பாய் கேட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டான். தூத்துக்குடிக்காரர், மிஷினை மட்டும் வாங்க வந்தவர் என்று.

"மாலை நான்தானேப்பா வாங்கியாந்தேன்," என்றார் ஷாகுல் ஹமீது. வெயிலில் நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேலை போனவர்கள் செய்யாதது எதுவும் இல்லை. கடலூருக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். மனுவை வாங்கிக்கொண்டார்கள். மெட்ராஸுக்குப் போய் முதலாளி வீட்டு வாசலில் நின்றார்கள். வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னான். யாரும் கோபமாகப் பேசவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை. நாள் மட்டும் போயிற்று. பாஸ்கல் திங்கட்கிழமைகளில் எண்ணெய் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சம்பளம் நின்றுவிடும் என்ற பயம் ஒன்று. சக்கரம் கையில் சுற்றும்வரை எதுவும் முடிந்துபோகவில்லை என்ற எண்ணம் இன்னொன்று.

1977 ஜனவரி முதல் வாரம் சிவஞானம் வந்து, கழற்ற ஆரம்பி என்றார்.

"நீ கை வைக்காதய்யா," என்றாள் ஆரோக்கியம். "வேற எவனாச்சும் வந்து செய்யட்டும்."

"நான் கழட்டாட்டி கேஸ் கட்டர் வெச்சு அறுத்து எடுத்துட்டுப் போவாங்க. அது இதைவிடக் கேவலம்."

"உனக்கு மிஷின்தான் பெரிசா?"

அப்படியில்லை என்று அவளுக்குச் சொல்ல நினைத்தான். இன்னொரு விஷயமும் இருந்தது. அதை வெட்கத்தோடு சொன்னான். மிஷினோடு தூத்துக்குடிக்கு வந்து மாட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டிக் கொடுத்தவனை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். யார் கண்டது?

ஒன்பது நாளில் கழற்றி முடித்தான். ஒவ்வொரு பாகத்துக்கும் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதினான். பத்தாம் நாள் காலையில் இரண்டு லாரிகள் நிறைந்தன. முன் லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் பாஸ்கலை உட்காரச் சொன்னார்கள்.

கேட்டைத் திறந்ததும் ரோட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அது எமர்ஜென்சிக் காலம். நாலு பேர் சேர்ந்து நிற்கவே யோசிப்பார்கள். இருந்தும் உட்கார்ந்திருந்தார்கள். லாரியின் மூக்குக்கு நேராக ஷாகுல் ஹமீது. அவருக்குப் பின்னால் பெண்களோடு பெண்ணாக ஆரோக்கியம்.

டிரைவர் எஞ்சினை அணைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் பாஸ்கல். கண்ணாடிக்கு முன்னால் பாய். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று பாஸ்கலுக்குத் தோன்றியது. கதவின் கைப்பிடியைக்கூடப் பிடித்துவிட்டான். தூத்துக்குடி வேலை என்ற நினைப்பு கையைப் பிடித்து இழுத்தது.

போலீஸ் வர அதிக நேரம் ஆகவில்லை. அடிக்கவில்லை. இரண்டு இரண்டு பேராகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஷாகுல் ஹமீது கத்தவில்லை, திமிறவில்லை. லுங்கி அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூக்கவிட்டார். பெண்களை ஓரமாகப் போகச் சொன்னார்கள். ஆரோக்கியம் எழுந்து ஓரமாகப் போனாள். லாரி அவளைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தூத்துக்குடியில் மிஷினை மாட்ட இருபத்து மூன்று நாள் ஆயிற்று. பூசை போட்டு, தேங்காய் உடைத்து, மிஷினை ஓட்டினார்கள். சத்தம் மரக்காணத்தில் கேட்ட அதே சத்தம். வேலைக்குச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று சந்தனம் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளை வேட்டிக்காரர் பாஸ்கலுக்கு ஒரு வேட்டியும் துண்டும் கொடுத்தார். அவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டான்.

"எனக்கு இங்கயே ஒரு வேலை போட்டுக் குடுத்தீங்கன்னா..."

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வெளியூர் ஆளைச் சேத்தா இங்க உள்ளவன் சும்மா இருப்பானா? நீரே சொல்லும்."

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது கம்பெனியின் தகரத்தைக்கூடப் பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். சிமென்ட் தரையில், மிஷின் நின்ற இடத்தில் எட்டு போல்ட்டுகள் மட்டும் நட்டுக்கொண்டு நின்றன. சண்டை வரும் என்று எதிர்பார்த்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. திங்கட்கிழமை அவனிடம் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஆரோக்கியம் சோறு போட்டாள்.

"என்னாச்சு?" என்றாள்.

"இல்லன்னுட்டாங்க."

"சாப்பிடு," என்றாள்.

பாண்டிச்சேரியில் பழைய பட்டறை இல்லை. புதுப் பட்டறைகளில் இருபது வயதுக்காரர்களைத் தேடினார்கள். பாஸ்கல் ஆரோக்கியத்தோடு பாத்தியில் இறங்கினான். நாற்பது வயதில் அப்பாவின் வேலை. அவனால் அவள் வேகத்துக்கு உப்பு வார முடியவில்லை.

ஷாகுல் ஹமீதும் ஒரு வருஷம் பாத்தியில் கிடந்து பார்த்தார். வெயில் பட்ட உப்பைப் பார்த்துப் பார்த்து வலது கண் மங்கிப்போயிற்று. மறுபடி துபாய்க்கு எழுதிக் கேட்டதற்கு, இப்போது இளவட்டங்களைத்தான் எடுக்கிறார்கள் என்று பதில் வந்தது. 1978-ல் குடும்பத்தோடு மெட்ராஸ் கிளம்பினார். மண்ணடியில் ஏதோ ஒரு கிடங்கில் கரீமாவின் சொந்தக்காரர் வேலை கேட்டு வைத்திருந்தார். பாஸ்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கரீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குழந்தைகளோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாய் சாமான்களை மேலே போட்டுவிட்டு இறங்கினார்.

"பாய், அன்னிக்கு நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா..." என்று பாஸ்கல் ஆரம்பித்தான். இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தது.

ஷாகுல் ஹமீது ஒற்றைக் கண்ணைச் சுருக்கி அவனைப் பார்த்தார்.

"நீ திறக்கும்னு சொல்லணும்னுதான்டா உங்கிட்ட வந்து கேட்டேன். வேற எவன்கிட்ட கேட்டிருந்தாலும் போய்த் தொலைன்னு சொல்லியிருப்பான். எனக்குப் போக மனசு இல்ல. விடு."

கண்டக்டர் விசில் கொடுத்தான். பாய் ஏறிக்கொண்டார். மன்னித்துவிட்டாரா, இல்லை, சுமந்துகொண்டே போகிறாரா என்று பாஸ்கலுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

அந்த வருஷம் மழை புரட்டாசியிலேயே பிடித்துக்கொண்டது. பாத்திகள் மூழ்கி, பக்கத்துக் கழுவெளி ஏரியின் தண்ணீரும் உப்பளமும் ஒன்றாகிக் கிடந்தன. பாஸ்கலும் ஆரோக்கியமும் பிரம்மதேசம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார்கள். மேஸ்திரி இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தான்.

"அரிசி புடைக்க ஒரு பொம்பள ஆளு வேணும். ஆம்பளைக்கு வேலை இல்லப்பா."

"மிஷின் வேலை தெரியுங்க. பேரிங்கு, பெல்ட்டு எல்லாம் பாப்பேன்," என்றான் பாஸ்கல்.

"அதுக்கு ஆள் இருக்குது."

ஆரோக்கியம் அவனைப் பார்த்தாள். "நீ வேணா வீட்டுக்குப் போய்யா. பசங்க ஸ்கூல்ல இருந்து வந்துரும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். பாஸ்கல் கொஞ்ச நேரம் மில் வாசலிலேயே நின்றான். உள்ளே அவன் வயதுள்ள ஒரு ஆள் எண்ணெய்க் கேனோடு குனிந்து நிமிர்வது தெரிந்தது. மழை மறுபடி பிடித்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். மரக்காணம் பஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று டீக்கடைக்காரரிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை.